ஏனாமுக்கு மாற்றல்

“ஜெயிலுக்குப் போறவனுக்குத்தான் களின்னு கேள்விப்பட்டிருக்கேன். அவனைப் புடிக்கிறவனுக்குமா?”

கலியபெருமாள் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் மனைவி தனக்கொடி அசைந்து கொடுக்கவில்லை. கேழ்வரகுக் களியின் நடுவில் கரண்டியால் ஒரு குழி பறித்து, முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றினாள்.

“பேசாம முழுங்குங்க. ஏனாமுக்குப் போனா இதுகூட கெடைக்காது.”

ஏனாம் என்றதும் அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, தன் சிவப்புப் போலீஸ் தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டே அவர் சொன்ன சேதி அது. “தொந்தி வெச்சவங்களை லிஸ்ட் எடுக்கறாங்க தனம். ஆடி முடியறதுக்குள்ள பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போவணும். இல்லாட்டி ஏனாமுக்கு மாத்தல்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு.”

ஏனாம் என்பது ஆந்திராவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் புதுச்சேரியின் ஒரு துண்டு. ரயில் மாறி, பஸ் மாறி, ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு இங்கே தனியாக இருப்பதா, தெலுங்கில் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாமல் அங்கே போய் விழிப்பதா? அன்று இரவு அவள் தூங்கவில்லை. விடிந்ததும் கடைக்குப் போய்க் கம்பும் சாமையும் கொள்ளும் வாங்கி வந்துவிட்டாள். எல்லாம் பிறந்த வீட்டில் அவள் ஆக்கிப் பழகியவைதான். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும், வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு. வறுத்த மீன் போய்க் குழம்பு மீன் வந்தது.

அதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“வீட்டுல ஒரே சமையல்தான். நான் கூழு குடிக்கறப்ப, நீ எதிர்ல குந்திக்கினு ரொட்டியில சர்க்கரை தூவித் தின்னா என் மனசு கேக்காது.”

“நான் இன்னா பண்ணேன்? எனக்கா தொந்தி?”

“வாசனை வந்தா, அது யாரு தட்டுன்னு தொந்திக்குத் தெரியுமா?”

“காப்பிக்கு வெல்லமாவது போட்டுக்கறேங்க.”

“வெல்லம் மட்டும் தொந்தியில தங்காதா?”

தனக்கொடியின் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை விழுந்த காலம் அத்தோடு முடிந்தது. ரேஷன் சர்க்கரை பக்கத்து வீட்டு ஆதிலட்சுமிக்குப் போனது. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகும்போதும் அவளைக் கூட இழுத்துக்கொண்டு போனார். தனியாக நடந்தால் நாய் துரத்துகிறதாம்.

“நாயிக்குப் பயந்த போலீசு!” என்று திட்டிக்கொண்டே அவளும் நடந்தாள்.

“இன்னாக்கா, அண்ணன் எளைக்கறாரோ இல்லியோ, நீ நல்லா எளைச்சிட்ட” என்றாள் ஆதிலட்சுமி.

“தப்பு பண்ணது அவரு வயிறு, தண்டனை எனக்கு.”

“ஆனா முன்ன மாதிரி தலை சுத்துதுன்னு படுத்துக்கறது இல்ல. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி வாங்கியாந்த சத்து மாத்திரை வேலை செய்யுது போல.”

தனக்கொடி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கவலையெல்லாம் பெல்ட்டின் மேல் இருந்தது. ஆடி முடிய நான்கே நாள். இன்னும் அரை ஓட்டை பாக்கி.

“இன்னாங்க பண்றது?”

“பாத்துக்கலாம் வுடு.”

அவர் இவ்வளவு நிதானமாகச் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் டியூட்டிக்குப் போனதும், நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டர் சக்கரபாணியின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

“ஐயா, அரை ஓட்டைதாங்க பாக்கி. இன்னும் பதினஞ்சு நாள் டயம் குடுங்க. எப்படியாவது எறக்கிடறேன். ஏனாமுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க.”

சக்கரபாணி பேப்பரைத் தாழ்த்தினார். “ஏனாமா? யாரையும்மா?”

“எங்க வூட்டுக்காரரைத்தாங்க. தொந்தி லிஸ்ட்டுல...”

“தொந்தி லிஸ்ட்டா?” அவர் தம் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்படி ஒண்ணு எடுத்தா, மொதப் பேரு என்னுதா இல்ல இருக்கணும்!”

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவளையே பார்த்தார். பிறகு பேப்பரை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னால, உங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ண சீட்டை வெச்சுக்கிட்டு ஸ்டேஷன் பின்னால நின்னு அழுதாரும்மா. ‘அவளுக்குன்னா ஒரு வாய் கஞ்சி காச்சிக்க மாட்டா சார், எனக்குன்னாதான் செய்வா’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. இப்ப எவ்வளவும்மா இருக்கு, உங்களுக்குச் சர்க்கரை?”