வெளி இணைப்பு

வீட்டை விட்டுப் போன அன்று மகன் இணைய மன்றத்தில் ஓர் இணைப்பை இட்டிருந்தான். திறந்தால், அம்மாவுக்கு எழுதிய கடிதம். மன்றத்தின் நிர்வாகியான தந்தை மறுநாளே அதற்கு எச்சரிக்கை வைத்தார்: "ஆபத்தான வெளித்தளம். திரும்பிச் செல்லவும்."

மனைவி தினமும் அதை அழுத்தி, எச்சரிக்கையைக் கண்டு திரும்புவதை மன்றத்தின் பதிவேடு அவருக்குக் காட்டியது. ஆறு ஆண்டுகளாக அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இன்று மன்றம் வேறொரு நிர்வாகிக்குக் கைமாறுகிறது. தந்தை மனைவியிடம் சொன்னார்:

"இனிமே எச்சரிக்கை வராது. நீ அதைத் திறந்துடாதே, வைரஸ்."

"ஆறு வருஷமா அதே வைரஸா? நீங்க எச்சரிக்கை வைக்கிறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேங்க."

"அப்புறம் ஏன் தினமும் போய்த் திரும்பினே?"

"நான் படிக்கலைன்னு நம்பினாத்தானே நீங்க தூங்குவீங்க?"

கடிதத்தின் ஒரே வரியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்:

"நானாப் போகலைம்மா. அப்பாதான் போகச் சொன்னார்."