ஒன்பதாவது டேக்

"யாருய்யா இந்த வசனத்தை எழுதினது?"

காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து சிவப்பு மை போட்ட சத்தத்தில், ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கூடக் குனிந்து பார்த்தார்.

சிவப்பு மை என்பது அந்தத் தொலைக்காட்சித் தொடரின் தலைமை எழுத்தாளர். யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளுவார். அதனால் வந்த பெயர்.

"நான்தான் சார்," என்று கை தூக்கினான் புதுசு.

எட்டு மாதமாக அங்கே அவனுக்கு அதுதான் பெயர். அடுத்தவர் எழுதியதைப் படியெடுத்துப் படியெடுத்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இன்றைக்குத்தான் முதன்முதலாக அவன் எழுதிய வசனம் கேமரா முன்னால் வந்திருக்கிறது. அதுவும் சும்மா இல்லை. தொடரில் வரும் அத்தை, மொத்தக் குடும்பத்தையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற ஒரு பக்க வசனம். அவன் மனைவி இந்தச் செய்தியை அடுக்குமாடியின் நாலு மாடிக்கும் அறிவித்துவிட்டாள்.

ஒன்பது டேக் ஆகிவிட்டது. ஒன்பது தடவையும் அத்தையாக நடிப்பவர் பாதியில் வந்து நின்றுவிட்டார்.

"இது மனுஷன் வாயில நுழையிற வசனமா? முப்பது வருஷமா நடிக்கிறாங்க. அவங்களே திணறினா தப்பு யார் மேல?"

புதுசுக்குக் காதெல்லாம் சூடேறியது. நேற்று சாயங்காலம் இதே மனிதர் இதே பக்கத்தைப் படித்துவிட்டு, "கை வைக்க இடமே இல்ல தம்பி, அப்படியே போகட்டும்," என்றார். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒரே ராத்திரியில் நாக்கு இப்படிப் புரளுமா?

தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "பாதி நாள் போச்சு. யாரால போச்சோ அந்த ஆளை மாத்துங்க."

"மாத்த வேணாம் சார். அனுபவம் பத்தல, அவ்வளவுதான். பக்கத்துல வெச்சு நான் கத்துக் கொடுக்கறேன்," என்றார் சிவப்பு மை.

அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தே நிமிடத்தில் சிவப்பு மை காட்சியை மாற்றி எழுதினார். அத்தை திடீரென்று மயங்கி விழுகிறார். கட்டிலில் கண் மூடிப் படுத்திருக்கிறார். பேச்சு வர நாளாகும் என்கிறார் டாக்டர். மற்றவர்கள் சுற்றி நின்று பேசுகிறார்கள். அத்தைக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

"நீ நல்லா எழுதறது அவருக்குப் பொறுக்கலப்பா. நாற்காலி ஆடுதுல்ல," என்று காதைக் கடித்தார் மேக்கப்காரர்.

புதுசு மனைவிக்கு போன் போட்டான். "வேலையை விட்டுடலாம்னு பாக்கறேன்."

"தாராளமா விடுங்க. ஆனா நாலு மாடிக்கும் நீங்களே ஏறிப் போய்ச் சொல்லிடுங்க. எனக்கு முட்டி வலி."

சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். அத்தை மட்டும் அந்தக் கட்டிலைவிட்டு எழுந்திருக்காமல், போர்வைக்குள் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷத்துல படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறது இதான் தம்பி முதல் தடவை. சுகமா இருக்கு," என்று சிரித்தார். "ஆமா, நீங்க இங்க புதுசா?"

தினமும் கேட்கிற கேள்விதான். பெரிய நடிகைக்கு நம்ம மூஞ்சி எங்கே நினைவிருக்கப் போகிறது என்று அவனும் தினமும் தலையாட்டிவிட்டுப் போவான்.

"ஆமாம்மா. நான் ஒரு வசனம் எழுதியிருக்கேன், படிக்கட்டுமா? நல்லா இல்லேன்னா சொல்லிடுங்க, இன்னையோட பேனாவைத் தூக்கிப் போட்டுடறேன்."

காகிதத்தைப் பார்க்காமலே சொன்னான். பாதியிலேயே அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னா வசனம்யா! யாருக்கு எழுதினீங்க?"

புதுசு சிரித்தான். "உங்களுக்குத்தாம்மா."

"எனக்கா? அப்புறம் ஏன் என்கிட்ட கொடுக்கல? கொடுத்திருந்தா ஒரே டேக்ல முடிச்சிருப்பேனே!"

அவர் விளையாடவில்லை. முகத்தில் நிஜமான ஏக்கம் இருந்தது.

புதுசுக்குக் காலையில் போன ஒன்பது டேக்கும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு சிவப்பு மை நின்றிருந்தார். வெளியே வா என்று கண்ணைக் காட்டினார்.

"ரெண்டு மாசமா அவங்களுக்கு ஒரு வரி, ரெண்டு வரின்னு கொடுத்து ஓட்டிக்கிட்டிருந்தேன்," என்றார், குரலை இறக்கி. "உன் பக்கத்தைப் படிச்சதும் அதை அவங்க குரல்ல கேக்கணும்னு ஆசை வந்துடுச்சு. தப்பு என் மேலதான்."

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஏதோ அசதின்னு நினைச்சுக்கறாங்க. இங்க வந்தா சந்தோஷமா இருக்காங்க. இந்தக் கதை ஓடுற வரைக்கும் கட்டில்லயே படுத்திருக்கட்டுமே!"

அதற்குள் தயாரிப்பாளர் வந்துவிட்டார். கையில் புதுசு எழுதிய பக்கத்தின் இன்னொரு பிரதி.

"இப்பதான் நிதானமா படிச்சேன். வசனத்துல ஒரு குறையும் தெரியலையே. எனக்கென்னமோ அத்தை மேலதான் சந்தேகமா இருக்கு. மறக்கிறாங்களா என்ன? அப்படின்னா வேற ஆளைப் பாக்கணும்."

சிவப்பு மை திரும்பிக் கட்டில் பக்கம் பார்த்தார்.

உள்ளே, அத்தை யாரும் இல்லாத செட்டில் தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

புதுசு தன் கையிலிருந்த பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"படிக்கறப்ப நல்லாத்தான் சார் இருக்கும், பேச வராது," என்றான். "தப்பு என்னுதுதான். எழுதத் தெரியாம எழுதிட்டேன்."