துணைவியர் வரிசை

பட்டாளத்தில் ஓய்வு பெற்ற விலங்குகளின் சங்கத்தில் அன்று ஆண்டு விழா. ஏழு வருஷம் கண்ணிவெடியை மோப்பம் பிடித்த மின்னி என்கிற பெண் நாய்க்கு வாசலிலேயே ஒரு குங்குமச் சிமிழைக் கொடுத்து, துணைவியர் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தலைவர் குதிரை மிடுக்காக வந்தார். "வீரச் சகோதரர்களே! அவர்தம் அருமைத் துணைவியரே!" என்று முழங்கிவிட்டு, புதிதாக மண் தோண்டி நட்டிருந்த கொடிமரத்தை நோக்கி ஒரு காலைத் தூக்கினார். தூக்கின கால் அந்தரத்திலேயே நின்றது. புது மண்ணில் மோப்ப நாய் குரைத்த பிறகுதான் கால் வைப்பது பட்டாளத்துப் பழக்கம். கிழவயதிலும் அது அவரை விடவில்லை.

"மின்னி, கொஞ்சம் குரை தாயி. கால் மரத்துப் போகுது."

"நான் யாரோட சம்சாரம்னு சொல்லுங்க தலைவரே, அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குரைக்கிறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குதிரைக்கு ஊன்றியிருந்த மூன்று காலும் நடுங்கின. மின்னிக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த நாலு காலும் மிஞ்சியதே அவள் மூக்கின் புண்ணியத்தில்தானே! ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

குதிரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீரர்களே! வீராங்கனைகளே!"

மின்னி குரைத்தாள். கால் தரையைத் தொட்டது.

அப்போது துணைவியர் வரிசையின் கோடியிலிருந்து ஒரு கிழட்டுக் கோவேறு கழுதை மெல்ல எழுந்தாள்.

"அப்போ நானும் முன்னால வரலாமா? மலைமேல பீரங்கி சுமந்தவ நான். பத்து வருஷமா குங்குமச் சிமிழா வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"