உடைந்த கதிரைகள் முன்னுக்கு

"புதுக் கதிரையளை உள்ளுக்கு வையுங்கோ. உடைஞ்சதுகளைத் தூக்கி முன்னுக்குப் போடுங்கோ!"

அதிபர் சிவராசா போட்ட சத்தத்தில் அன்னபாக்கியம் ரீச்சர் வகுப்பை விட்டு வெளியே வந்தார்.

"வாற ஆக்களை உடைஞ்ச கதிரையிலயே இருத்தப் போறியள், சேர்?"

"இருத்துறதுக்கில்லை ரீச்சர், காட்டுறதுக்கு. டென்மார்க்கில இருந்து வருகினம். எல்லாம் வடிவா இருந்தா எதைப் பாத்துத் தருவினம்?"

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பூவரசங்குளத்திலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போனால் வரும் சின்னப் பள்ளிக்கூடம் அது. முதலாம் வகுப்பில் ஒன்பதே பிள்ளைகள். வசதியானவர்கள் தங்கள் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இப்படியே குறைந்துகொண்டு போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களோ என்று சிவராசாவுக்கு நித்திரையில்லை. ஒரு மாடிக் கட்டடம் எழும்பிவிட்டால் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அதனால்தான், முதல்நாள் ஒரு பெண் தொலைபேசியில், "நாங்கள் டென்மார்க். உங்கட பள்ளிக்கூடத்தை ஒருக்கா வந்து பாக்கலாமோ?" என்று கேட்டதும், மனுசன் கையோடு பூமாலைக்குச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரர் வேறு எதற்குப் பள்ளிக்கூடம் பார்க்க வருவார்கள்? தண்ணீர்த் தாங்கியிலும் மதிலிலும் சைக்கிள் கொட்டிலிலும் எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பார்க்க வந்தவர்களின் பெயர்கள்தானே!

கார் வந்து நின்றது. வினோதனும் அவர் மனைவி கௌசலாவும் இறங்கினார்கள். பின்னால் அவர்களின் சின்ன மகள் ஆரணி. கழுத்தில் மாலை விழுந்ததும் இருவரும் கூச்சத்தில் நெளிந்தார்கள்.

சிவராசா நேரம் கடத்தவில்லை. ஒழுகும் கூரையைக் காட்டினார். வெடித்த சுவரைக் காட்டினார். போன மாதம்தான் வெள்ளையடித்து அழகாக்கிய நூலகத்தின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தார்.

"மலசலகூடம் வகுப்புக்குக் கிட்டவோ, சேர்?" கௌசலா கேட்டார்.

"சரியான தூரம், தங்கச்சி! மழைக்குச் சின்னனுகள் நனைஞ்சுதான் போகவேணும்." பெருமையாகவே சொன்னார்.

கௌசலாவின் முகம் வாடியது. இரக்கம் பிறந்துவிட்டது என்று அதிபருக்கு ஒரே சந்தோசம்.

"ரீச்சர்மார் ஒழுங்கா வருவினமோ?" இது வினோதன்.

அந்த இடத்தில் மட்டும் சிவராசாவால் குறை காட்ட முடியவில்லை. "அதில ஒரு பிழையும் சொல்லேலாது, தம்பி. குளம் நிரம்பி வான் பாய்ஞ்சு றோட்டு மூடின நாளிலயும் அன்னபாக்கியம் ரீச்சர் உழவு மெசினில ஏறி வந்தவா."

வினோதன் மனைவியைப் பார்த்தார். பிறகு, "நேற்று வவுனியாவில ஒரு தனியார் பள்ளிக்கூடமும் பாத்தனாங்கள். ஏசி வகுப்பு, எல்லாம் இங்கிலீசு. அதோ இதோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்ல" என்றார்.

சிவராசா வெடித்த சுவரை இன்னொருமுறை காட்டினார். ஏசி இருக்கிற இடத்துக்கு இவர்கள் இன்னும் என்னத்தைக் கொடுக்கப் போகிறார்கள்?

"ஆரணி எங்க?" என்று திடீரென்று கேட்டார் கௌசலா.

தேடிப் போனால், ஆரணி முதலாம் வகுப்பில் இருந்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு பாயில் சப்பாணி கட்டி இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த மதுசனின் பச்சை நிறக் கட்டியைப் பறிக்கக் கை நீட்டினாள்.

"பறிக்கக் கூடாது, பிள்ளை" என்றார் அன்னபாக்கியம் ரீச்சர். "கேட்டு வாங்கவேணும்."

"தா."

"தாங்கோ எண்டு கேளுங்கோ."

"தாங்கோ."

மதுசன் கொஞ்சம் யோசித்தான். கட்டியை இரண்டாக முறித்துப் பாதியைக் கொடுத்தான். ரீச்சர் ஆரணியின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். இப்படியொரு ரீச்சர் வாய்க்க ஒரு ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சிவராசாவுக்கோ உயிர் போய் வந்தது. "ரீச்சர்! அது வந்த ஆக்களின்ர பிள்ளை! பாயில இருத்தி, அதட்டி..."

"தெரியும், சேர். எல்லாரும் பாயிலதானே இருக்கினம்."

யன்னலுக்கு வெளியே கௌசலா குனிந்து, பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவனும் மனைவியும் டேனிஷ் மொழியில் ஏதோ குசுகுசுத்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு, "போயிட்டு வாறம், சேர்" என்றார்கள். கட்டடத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று சிவராசா தலையைத் தொங்கப்போட்டார்.

காரில் ஏறப்போன கௌசலா திரும்பினார். "சேர், சீருடைத் துணி எங்க வாங்கலாம்?"

கட்டடம் போனாலும் உடுப்பாவது கிடைக்கிறதே! சிவராசா ஓடிப் போனார். "வவுனியாவில மொத்தமா எடுக்கலாம், தங்கச்சி. எத்தினை பேருக்கு?"

"ஒராளுக்குத்தான், சேர்." கௌசலா மகளின் தலையைத் தடவினார். "எனக்கு இஞ்ச கிட்ட, பம்பைமடுக் கம்பஸில மூண்டு வருச வேலை. நேற்றுப் போன இடத்தில வெளிநாட்டுப் பிள்ளை எண்டு இவளை மேடையில ஏத்திப் படம் எடுத்தவை. இஞ்ச கேட்டு வாங்கச் சொல்லிக் குடுத்தவை. திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

மதில் தந்தவர்கள் உண்டு, தாங்கி தந்தவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளையைத் தந்தவர் இதுவரை ஒருவருமில்லை. சிவராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கத்தினார்:

"டேய் பிள்ளையள், அந்தப் புதுக் கதிரையளை வெளியில எடுங்கோடா! பிள்ளை சேர்க்க வந்திருக்கினம்!"