கண்ணாடிப் பெட்டியில் கே.எம்-1

சீட்டுகளை மாற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் கோட்டு போடப் போயிருந்தார்.

விழாவுக்கு இன்னும் பத்து நிமிடம்.

அவள் முன்னால் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். இரண்டிலும் பாசிப்பயறு. ஒரே விதை, ஒரே மண், ஒரே நாளில் விதைத்தது.

ஒன்றில் செடிகள் பச்சைப் பசேலென்று மூடியை முட்டின. ‘நுண்ணுயிர் இடாதது’ என்றது சீட்டு.

மற்றதில் வெளுத்து, சுருண்டு, மண்ணோடு படுத்துக் கிடந்தன. ‘நுண்ணுயிர் இட்டது.’

இரண்டும் அவள் எழுதியவை.

நுண்ணுயிருக்குப் பெயர் கே.எம்-1. கே.எம். என்றால் கேசவமூர்த்தி. கேசவமூர்த்தி என்றால் பேராசிரியர். பெற்ற மகனுக்குத் தன் அப்பா பெயரை வைத்த மனிதர், பாக்டீரியா என்றதும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேரை ஒட்டிக் குடியிருக்கும். சயனைடு வாயு விடும். களை கருகும்.

பயிரும் கருகுமே என்று நான்கு மாதத்துக்கு முன்பே சொன்னாள். திறந்த தொட்டியில் வளர்த்தபோதே பயற்றின் வேர் பாதியில் நின்றுவிட்டிருந்தது.

“களைக்குத்தாம்மா அது எமன். பயிரை ஒண்ணும் பண்ணாது,” என்றார் அவர்.

எது களை, எது பயிர் என்று பாக்டீரியாவுக்கு யார் பாடம் எடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கண்ணாடிப் பெட்டி அவருடைய யோசனை. மண்தொட்டி விழாவுக்கு எடுப்பாக இருக்காதாம். நகைக்கடையில் வைப்பதுபோல், மூடி போட்டு, இடுக்கில்லாமல் ஒட்டச் சொன்னார்.

வெளியே போக வழியில்லாத வாயு உள்ளேயே சுற்றியது. பத்தே நாள். தன் கண்டுபிடிப்புக்குத் தானே செலவு செய்து சவப்பெட்டி அடித்திருந்தார்.

அவளுடைய ஐந்து வருட ஆய்வேட்டில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

“சீட்டை மாத்திடும்மா. சாயங்காலம் வந்து கையெழுத்து வாங்கிக்கோ.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவள் சீட்டுகளை நிமிர்த்தி வைத்தாள்.

அதே இடத்தில்.

துணைவேந்தர் வந்தார். நாடாவை வெட்டினார். பெட்டிகளைப் பார்வையிட்டார். அதாவது, பெட்டிகளுக்கு அருகில் நின்று புகைப்படக்காரரைப் பார்த்தார்.

“அற்புதம்,” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கேசவமூர்த்தியும் தட்டினார். சீட்டைப் பார்க்கவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

பெரியவர்கள் முந்திரி பக்கோடாவுக்குப் போனார்கள்.

பிறகு விவசாயிகளின் வரிசை. ஆளுக்கொரு கே.எம்-1 பொட்டலம், இலவசம். இந்த வாரம் விதைப்பு.

பச்சைத் துண்டு போட்ட முதல் ஆள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பெட்டிகளின் முன் நின்றார். குனிந்தார். இரண்டு சீட்டுகளையும் வாய்விட்டுப் படித்தார்.

“ஏனுங் அம்மணி, இந்த ‘இடாதது’ங்கறதுல ஒரு பொட்டலம் கெடைக்குங்களா?”

வரிசை சிரித்தது.

கேசவமூர்த்தி அப்போதுதான் பெட்டிகளைப் பார்த்தார். பக்கோடாத் தட்டோடு ஓடி வந்தார்.

“சீட்டு மாறிப்போச்சுங்க. பொண்ணு கவனிக்காம வெச்சிருச்சு. என்னம்மா, மாறித்தானே போச்சு?”

சிரிப்பு நின்றது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு சொல். சாயங்காலம் அவள் டாக்டர்.

அவள் பெட்டிகளின் மூடியை நெம்பித் திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்றுப் பொறுத்தாள். பந்தலில் நல்ல காற்று.

ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செடியைப் பிடுங்கினாள். மண்ணை உதறினாள்.

“மாறலைங்க. இது இந்தப் பொட்டலம் போட்டது. இது போடாதது.”

இரண்டையும் பச்சைத் துண்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒன்றின் வேர் விரலிடுக்கில் வழிந்து கீழே தொங்கியது. மற்றது அணைத்த தீக்குச்சியின் நுனி அளவுக்கு இருந்தது, அதே நிறத்தில்.

அவர் பேராசிரியரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேரை வெகுநேரம் பார்த்தார்.

பொட்டலத்தை மேசையில் திருப்பி வைத்தார்.

“அம்மா, உன்னோட ஆய்வேடு…” என்று கேசவமூர்த்தி அவள் காதருகே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

அவள் அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

வரிசையில் இரண்டாவது ஆள் கையை நீட்டினார்.