லீவு மறுத்தது யார்?

"அந்தப் பொண்ணு மேடைக்கு வரமாட்டேங்குது சார்" என்றான் பந்தல் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பத்ரி.

செண்பகா அவென்யூ நலச்சங்கச் செயலாளர் ராஜகோபாலுக்குச் சுர்ரென்று ஏறியது. இருக்காதா பின்னே? ராஜகீழ்ப்பாக்கம் மெயின் ரோட்டோரம் பந்தல் போட்டு, மைக் கட்டி, யூடியூப் சேனல்காரரை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூறு பேரை டிவி முன்னாலிருந்து கிளப்பிக்கொண்டு வருவது லேசுப்பட்ட காரியமா?

"செத்தது அவ புருஷன்யா. நமக்கென்ன தலையெழுத்தா?"

"வீட்டுல உக்காந்து அழுதாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள் முன்வரிசை ரத்தினபாய். "தினம் காலையில ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு எங்கயோ கிளம்பிடறா. கேட்டா, கலெக்டர் ஆபீஸாம்."

செத்தவன் உதயா. ராணுவத்தில் லாரி ஓட்டியவன். போன கார்த்திகையில் எங்கோ ஒரு மலைப்பாதையில் வண்டியோடு உருண்டு போனான். சண்டை இல்லை, குண்டு இல்லை. விசாரணை நடத்தி, 'ஓட்டுநரின் அஜாக்கிரதை' என்று இரண்டே வார்த்தையில் ஃபைலை மூடிவிட்டார்கள்.

அவன் மனைவி ப்ரியா ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடையது தெருக்கோடி வீடு. சங்கம் ரோட்டை உசத்திப் போட்டதில் பள்ளத்துக்குப் போன வீடு. ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, அவள் கைக்குழந்தையோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். உதயா மூன்று முறை லீவு கேட்டான். மூன்று முறையும் இல்லை என்றார்கள். அந்தக் கவலையில் தூக்கமில்லாமல்தான் வண்டியை எடுத்தான் என்பது அவள் கட்சி.

ஆறு மாதம் தனியாகத்தான் அலைந்தாள். அப்போதெல்லாம் சங்கத்துக்கு வேறு வேலை இருந்தது. சேனல்காரர் ஒருநாள் கேமராவோடு வந்து, அவள் வீட்டுக்கு ராஜகோபாலிடம் வழி கேட்டார். அன்றைக்குத்தான் செண்பகா அவென்யூவுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே ஃப்ளெக்ஸ் தயார். ஒரு மூலையில் உதயா. நடுவில், கைகூப்பியபடி ராஜகோபால்.

இப்போது அவர் மைக்கைப் பிடித்தார்.

"லீவு மறுக்கக் காரணமான அந்தக் கொலைகாரன் யாரு? ஒரு குடும்பம் தண்ணியில தத்தளிக்குதேன்னு யோசிக்காம, ஃபேன் காத்துல உக்காந்துக்கிட்டு ஒரு கையெழுத்துல ஒரு உயிரைக் குடிச்சவன் யாரு? அவன் பேரு வெளிய வரணும்."

நல்ல கைதட்டல்.

அந்த நேரம் பார்த்து ப்ரியா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தாள். மேடையேறவில்லை. கீழேயே நின்று ஒரு கவரை நீட்டினாள்.

"சார், லீவு ஏன் குடுக்கலைன்னு ஆர்.டி.ஐ.ல கேட்டிருந்தேன். பதில் வந்திருக்கு."

"எப்பம்மா வந்துச்சு?"

"வியாழக்கிழமை. உங்ககிட்ட காட்டலாம்னு மூணு தடவை வீட்டுக்கு வந்தேன். போராட்ட வேலையா வெளிய போயிருக்கீங்கன்னாங்க."

"அதனால என்ன, இப்பவே படிச்சிடுவோம். கேமராவை இப்படித் திருப்புங்க தம்பி."

"மைக்ல வேணாம் சார். வீட்டுக்குப் போய்த் தனியா படிங்க. எனக்கு ஒரே ஒரு லெட்டர் மட்டும்..."

"ஏம்மா பயப்படறே? எவனா இருந்தாலும் இன்னிக்குக் கிழிகிழின்னு கிழிச்சிடலாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழங்க ஆரம்பித்தார்.

"'மேற்படி வீரர் தமது வீட்டில் மழைநீர் புகுந்ததாகக் கூறி விடுப்பு கோரினார். மாவட்ட நிர்வாகம் மூலம் உள்ளூரில் விசாரித்ததில், அக்காரணம் பொய்யெனத் தெரியவந்தது. எனவே விடுப்பு மறுக்கப்பட்டது. உள்ளூர்க் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.' கேட்டீங்களா? எவனோ ஒருத்தன் வாய் கூசாம பொய்ச்சாட்சி சொல்லியிருக்கான். யாருன்னு பாத்துடுவோம்."

இரண்டாவது தாளைப் புரட்டினார். சுருதி குறையவில்லை.

"'எங்கள் நகரில் எந்த வீட்டுக்குள்ளும் மழைநீர் புகுவதில்லை என்பதை உறுதிபடத் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு...'"

அதற்கு மேல் மைக்கில் சத்தம் வரவில்லை.

சேனல்காரர் எக்கி, தாளின் அடிப்பகுதியைப் படம் பிடித்தார். நலச்சங்கத்தின் வட்ட முத்திரை. அதன் மேல், சர்க்கார் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆகியும் விடாத பச்சை மையில், 'ரா. ராஜகோபால், செயலாளர்'.

பத்ரி ஃப்ளெக்ஸைப் பார்த்தான். ரத்தினபாய் செருப்பைத் தேடினாள், வீட்டுக்குக் கிளம்ப.

"யாரோ ஒருத்தர் வந்து, இங்க தண்ணி நிக்குதான்னு கேட்டாரும்மா" என்றார் ராஜகோபால். குரல் பாதியாகியிருந்தது. "எதுக்குன்னு நான் கேக்கலை. எப்பவும் எழுதறதுதானேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"புரியுது சார். உங்களை நாலு பேர் முன்னால நிக்க வைக்கணும்னு எனக்கு ஆசையில்ல. அதான் மேடைக்கு வரலை" என்றாள் ப்ரியா. "ஆனா, பொய் சொல்லி லீவு கேட்டவர்னு அவர் ஃபைல்ல ஏறிடுச்சு. அவர் தூங்கலைன்னு கூட இருந்தவங்க சொன்னதையும் அதனால நம்பமாட்டேங்கறாங்க. எங்க வீட்டுல தண்ணி வந்தது நிஜம்னு நீங்களே ஒரு லெட்டர் குடுங்க. அப்பீல் பண்ண அது போதும்."

ராஜகோபால் மைக்கை அணைத்தார். மேடையிலிருந்து இறங்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"குடுக்கலாம்மா. ஆனா தண்ணி நிக்குதுன்னு நானே எழுத்துல குடுத்துட்டா, நம்ம ஏரியாவுல மனை ரேட் படுத்துடுமே?"