எதிர்க்கரைக் கடை

காலையில் காபி போடுவேன். மகள் பிரின்னின் ஐஸ் ஸ்கேட்ஸின் அடிக்கத்திகளை மேசைமேல் உள்ள இயந்திரத்தில் மாட்டித் தீட்டுவேன். பிறகு அவளை எழுப்புவேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த வேட், இயந்திரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“லேசாத்தான் இருக்கு. எவ்வளவு?”

“ஆயிரத்து இருநூறு டாலர்.”

“அடேயப்பா! ஏரிக்கு எதிர்க்கரையில தீட்டுற கடை இருக்குல்ல? காரை எடுக்கச் சோம்பலாப்பா?”

நான் சிரித்துவைத்தேன்.

போன மார்ச்சில் இதை வாங்கலாம் என்றேன். என் மனைவி கேர்ஸ்டன் விலையைப் பார்த்துவிட்டு, ஸ்கேட்ஸோடு காரில் ஏறினாள்.

மறுநாள் அவளையும் காரையும் ஏரியின் அடியிலிருந்து எடுத்தார்கள். பின்சீட்டில் ஸ்கேட்ஸ் இருந்தது. கடையில் நன்றாகத் தீட்டியிருந்தார்கள்.

புறப்படும்போது சொன்னாள்:

“இவ்வளவு காசுக்கு மெஷினா? பைத்தியமா உனக்கு? ஏரி மேலயே போனா பத்து நிமிஷம். ஐஸ் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு.”